முதல் ரேங்க் வாங்கிய பெண்ணின் அம்மா

பாப்பு!

இனி இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "ஏனுங்க்கா" என்று திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் பாப்பாத்தி. பிறந்த வீட்டில் பாப்பு. நாமக்கல்லில் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்களோடு குடியிருந்தவர்களுக்கு அவள் கௌசி அம்மா. நான் அரசி அம்மா. அந்தத் தெருவில் எங்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயரும், பிள்ளை வாங்கிய ரேங்க்கும்தான் எங்களுக்கு அடையாளம். குழாயடியில்கூட, "மூணாவது ரேங்க் அம்மா தண்ணி பிடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நான்தான் அவளிடம் உன் பெயர் என்ன என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அவள் பாப்பு.

சனிக்கிழமை காலையில் மொட்டைமாடியில் ஜவ்வரிசி வடாம் ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவள் பெயர் வந்தது. ஈரக் கையோடு எடுத்து, "என்னாடி, உயிரோடதான் இருக்கியா? பொங்கலுக்குக்கூட ஒரு போன் இல்ல" என்று ஆரம்பித்துவிட்டேன்.  "பெரிம்மா, நான் கௌசி பேசறேனுங்க" என்றது வேறு ஒரு குரல்.

இத்தனை வருடத்தில் அந்தப் பெண் என்னோடு போனில் பேசியதே இல்லை. அதனால் அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா போயிட்டாங்க பெரிம்மா. விடிகாலைலங்க. வயித்துல கட்டி. ஆறு மாசமாவே வைத்தியம் பாத்துட்டுத்தான் இருந்தோம்."

"ஆறு மாசமாவா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலயேம்மா."

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. உங்ககிட்ட முக்கியமாச் சொல்லக்கூடாதுன்னாங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் முக்கியமாகச் சொல்லக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? நான் மனம் உடைந்துபோவேன் என்றா? இல்லை, வேறு ஏதாவதா? இப்படி ஒரு சந்தேகம் எனக்கு ஏன் வருகிறது என்பதை இதைப் படிக்கும் அந்தத் தெருக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். அங்கே என் மேல் ஒரு பழி வந்தது. தெருவே அதை நம்பியது. பாப்பு நம்பினாளா இல்லையா என்று மட்டும் நான் அவளிடம் கேட்டதே இல்லை. நான் கேட்பதற்குள் அவள் போய்விட்டாள்.

தெரியாதவர்களுக்காக அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நீட் எல்லாம் வருவதற்கு முன்னால், பிளஸ் டூவில் வாங்குகிற மார்க்கை வைத்துத்தான் டாக்டர் சீட்டு. அந்த மார்க்குக்காகவே பல ஊர்களிலிருந்து நாமக்கல்லில் கொண்டுவந்து பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். விடுதிச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மாவும் கூடவே வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடெடுத்துத் தங்கிச் சமைத்துப் போடுவாள். அப்பா ஊரில் இருந்து சம்பாதித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். எங்கள் தெருவில் வரிசையாக வீடுகள். எல்லா வீட்டிலும் ஒரு அம்மா, ஒரு பிள்ளை, ஒரு கேஸ் அடுப்பு. டிவி கிடையாது. குக்கர் கூடுதலாக ஒரு விசில் அடித்தால், "எங்க புள்ள படிக்குது" என்று பக்கத்து வீட்டிலிருந்து அதட்டுவார்கள்.

நான் ஆத்தூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை பார்த்தார். பாப்பு எருமப்பட்டிப் பக்கம். அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு சின்னக் கோழிப்பண்ணையும். முட்டை ஏற்றுகிற வண்டியில்தான் சாமான்களோடு வந்து இறங்கினாள். அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உங்க பிள்ளை பத்தாவதுல எவ்வளவு?" என்றுதான். பாப்பு என் வாசலில் வந்து நின்று, "அக்கா, எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து உப்பை மறந்துபோட்டு வந்துட்டனுங்க. ஒரு கை உப்பு குடுப்பீங்களா?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

என்னிடம் கிரைண்டர் இருந்தது. அவளிடம் பெரிய குக்கர் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் மாவு நான் ஆட்டுவது, குழம்பு அவள் வைப்பது என்று ஆயிற்று. கேஸும் மிச்சம், பேச்சுக்குத் துணையும் கிடைத்தது. மதியம் இருவரும் கேரியரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடிக்குப் போவோம். அங்கே எல்லா அம்மாக்களும் சோற்றைப் பிசைந்து தயாராக உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்து, கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் திறப்பார்கள். அம்மா உருட்டி உருட்டிப் போட வேண்டும். பிள்ளையே சாப்பிட்டால் கை கழுவ நேரம் போய்விடுமாம்.

"எங்கூட்டுக் கோழிக்குஞ்சு பொறந்த அன்னைக்கே தானாக் கொத்தித் தின்னும்ங்க்கா" என்பாள் பாப்பு, கௌசிக்கு ஊட்டிக்கொண்டே. "இது பதினேழு வயசுல வாயைத் தொறந்துட்டு நிக்குது."

கௌசிக்கு அதுகூடக் காதில் விழாது.

மாதத் தேர்வு முடிந்ததும் ரேங்க் எழுதி கேட் பக்கத்தில் ஒட்டுவார்கள். வகுப்பில் உட்காருவதும் அந்த வரிசைப்படிதான். கௌசிதான் எப்போதும் முதல். என் அரசி இரண்டாவது, சில மாதம் மூன்றாவது. முதல் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பெண்கள், தோளும் தோளும் இடிக்க இரண்டு வருடம் இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "அம்மா, நீ அவங்க அம்மாகூடப் பேசாத. நான் எப்ப எந்திரிக்கிறேன், என்ன படிக்கிறேன்னு உன் வாயப் புடுங்கிடுவாங்க" என்று அரசி எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். கௌசியும் தன் அம்மாவுக்கு அதே கட்டளையைத்தான் போட்டிருந்தாளாம். அதனால் பிள்ளைகள் கேட்டுக்குள் போன பிறகுதான் எங்களுக்குப் பேச்சு ஆரம்பிக்கும். அவர்கள் திரும்பும் நேரம் ஆனால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

"கள்ளத்தனமா ஊட்டைவிட்டு ஓடிப்போற சோடியாட்டத் திரியறோமுங்க்கா நாம" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். மேலே காற்றுக்காக ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாக அந்த வீட்டு விளக்கு இந்த வீட்டில் தெரியும். கௌசி விளக்கை அணைக்காமல் அரசி படுக்க மாட்டாள். அரசி படுக்காமல் கௌசி அணைக்க மாட்டாள். இரண்டு பெண்களின் கண்ணும் குழி விழுந்துபோனது. ஒரு நாள் பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பாப்பு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கோழித்தீவனச் சாக்கை மடித்து அந்த ஓட்டையில் திணித்து, மேலே களிமண்ணைக் குழைத்து அப்பினாள். வீட்டுக்காரம்மா வந்து சத்தம் போட்டாள்.

"சுவத்தை ஏம்மா பாழ் பண்ற?"

"பல்லி வருதுங்க" என்றாள் பாப்பு. அந்த அம்மா போன பிறகு என்னிடம், "வெளிச்சம் தெரிஞ்சாத்தானுங்க்கா போட்டி. தெரியாட்டி ரெண்டும் தூங்கிப்போடும்" என்றாள். தூங்கவும் செய்தார்கள்.

கோழிப்பண்ணையில் குஞ்சுகளின் மூக்கு நுனியை வெட்டிவிடுவார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். "நெருக்கமாப் போட்டு அடைச்சா ஒண்ணையொண்ணு கொத்தும்ங்க. ரத்தத்தைப் பாத்துட்டா எல்லாம் சேந்து அந்த ஒண்ணைக் கொத்தியே கொன்னுபோடும். அதுக்குத்தான் குஞ்சுலயே வெட்டறது." கொஞ்ச நேரம் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம புள்ளைங்களுக்கு என்னத்தைங்க வெட்டறது?" என்றாள். அப்போது நானும் சிரித்தேன்.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிடும். மருந்துக் கடைக்குப் போகிற அம்மா, "எனக்குத்தான் தலைவலி" என்பாள். மாத்திரை அட்டையைக்கூடத் தங்கள் வாசலில் போடாமல் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனால், பிள்ளையின் நட்சத்திரத்தைக் குருக்கள் காதில் ரகசியமாகச் சொல்லுகிறவர்களும் உண்டு. நட்சத்திரம் தெரிந்தால் யாராவது ஏதாவது செய்துவிடுவார்களாம். பாப்பு மட்டும் கோயில் முழுக்கக் கேட்கும்படி, "கௌசல்யா, தமிழரசி, ரெண்டு பேருக்கும் ஒட்டுக்கா அர்ச்சனை பண்ணுங்க சாமி. யாரு மொதல்னு அவரே பாத்துக்கட்டும்" என்பாள்.

அவளும் ஒன்றை மறைத்தாள். பரீட்சை நாள் காலையில் அவர்கள் வீட்டுப் புழக்கடையில் கௌசி வாந்தி எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். உடனே பாப்பு குழாயைத் திறந்துவிடுவாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நாள் அவளே சொன்னாள். "உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியும்ங்க்கா. பரீட்சைன்னா இப்படித்தான். ஒம்பதாவதுல ஆரம்பிச்சுது. எங்கூட்டுக்காரருக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா, நெஞ்சுறுதி இல்லாத புள்ளைக்கு எதுக்கு டாக்டர் படிப்புன்னு நிறுத்திப்போடுவாங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா." சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிளஸ் டூ பரீட்சையில் வேதியியல் அன்றுதான் அது நடந்தது. முந்தின நாள் நான் ஆட்டிக் கொடுத்த மாவில்தான் இரண்டு வீட்டிலும் இட்லி. அரசியும் அதைத்தான் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மதியம் அரசி தனியாக வந்து, "அம்மா, கௌசி வாந்தி எடுத்துட்டா. படுக்க வச்சிட்டாங்க. பாதிப் பேப்பர்கூட எழுதல" என்றாள். அதைச் சொல்லும்போது என் பெண்ணின் முகம் வாடியிருக்க வேண்டும். வாடவில்லை. நல்ல செய்தி கொண்டுவந்த பிள்ளையின் முகமாக இருந்தது.  "கைகால் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

கௌசியை ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தார்கள். வருகிற வழியில் காட்டிய டாக்டர், பயத்தில் வருகிற வாந்தி, வேறு ஒன்றும் இல்லை என்றாராம். யார் கேட்டார்கள்? பரீட்சைக்குத் துணையாக வந்து தங்கியிருந்த பாப்புவின் நாத்தனார் நடுத்தெருவில் நின்றாள்.

"யாரு ஊட்டு மாவு அது? ரெண்டாவது ரேங்க்குக்காரி ஆட்டிக் குடுத்த மாவை மொத ரேங்க்குக்காரி திம்பாளா? ஏம் புள்ள பாப்பாத்தி, உனக்குக் கூறு இருக்குதா?"

நான் வாசலுக்கு வந்தேன். "அதே மாவுல ஊத்துன இட்லியத்தான் என் பொண்ணும் தின்னுட்டுப் போச்சு."

"உன்ற புள்ளைக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டு மிச்சத்துலதான கலந்திருப்ப? தெரியாதா எங்களுக்கு?"

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். பாப்பு கையில் ஈரத்துண்டோடு கதவருகில் நின்றாள். எப்போதும் இப்படித்தான் வாந்தி எடுக்கும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மேல் விழுந்த பழி அங்கேயே போய்விடும். உள்ளே கௌசி படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் உயிரியல் பரீட்சை பாக்கி. பாப்பு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொல்லாததற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. நானாக இருந்தாலும் பெண்ணைத்தான் காப்பாற்றியிருப்பேன். என்னை அரித்தது வேறு. அவள் பெண்ணுக்காகத்தான் பேசாமல் இருந்தாளா, இல்லை நாத்தனார் சொன்னது அவள் மனதிலும் கொஞ்சம் விழுந்ததா?

உயிரியலுக்கு முன்னால் இருந்த விடுமுறை நாட்களிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள். புங்கமரத்தடியில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் கேரியரை மூடுவார்கள். என்னிடம் கறிவேப்பிலை வாங்கிப் போன ஒருத்தி, அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள், வாடிப்போன கறிவேப்பிலையை! அரசிக்கு ஊட்டும்போது என்னையே சிலர் உற்றுப் பார்ப்பார்கள். அரசி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவைத் தெருவே ஒதுக்கி வைத்திருப்பது அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பு இருந்தாள். அவள் வீட்டுக் குழம்பு வாசனை வந்தது. அவள் வரவில்லை.

உயிரியல் பரீட்சை அன்று காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். தெருவே குடத்தோடு நிற்கிறது. பாப்பு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். நேராக என் வாசலுக்கு வந்து, கோயிலில் பேசுவாளே, அதே குரலில், "அக்கா, ரெண்டு கரண்டி மாவு ஊத்துங்க. என்ற புள்ளை பரீட்சைக்குப் போகோணும்" என்றாள்.

 குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். நான் மாவை எடுத்து வந்தேன். ஊற்றும்போது கொஞ்சம் கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. பாப்பு அதை விரலால் வழித்துக் கிண்ணத்திலேயே விட்டுக்கொண்டாள். "வாரேனுங்க்கா" என்றாள். எல்லாரும் பார்க்கக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து போய், நாத்தனாரைத் தாண்டி உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றோடு தெருவின் வாய் அடைபட்டது. மறுபடி எல்லாரும் என்னோடு பேசினார்கள். பிள்ளையைப் பெற்றவளே வந்து வாங்கிப் போன பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்?

ஆனால் அன்று அவள் கதவைச் சாத்தியதும் நான் நடுச்சுவரோரமாகப் போய் நின்றேன். இட்லிச் சட்டி மூடி திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கடுகு பொரிகிற சத்தம் கேட்டது. தாளிக்கிற வாசனை வந்தது. எனக்கு அது உப்புமா வாசனையாகப் பட்டது. சட்னிக்குத் தாளித்ததாகவும் இருக்கலாம். சட்னிக்குத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

அரசிக்கு டாக்டர் சீட்டு கிடைத்தது. கௌசிக்கு வேதியியல் மார்க்கால் கிடைக்கவில்லை. கவுன்சிலிங் முடிந்த அன்று பாப்புவே போன் பண்ணினாள். "கெடைச்சுதுங்களா அக்கா? சந்தோசமுங்க" என்றாள். கௌசியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே பேசினாள். "கௌசி நர்ஸுக்குப் போறேங்குது. போகட்டும்ங்க. படிச்சது என்னமோ புள்ளைங்கதான். தோக்கறதும் ஜெயிக்கறதும் நாமளாட்ட இருக்குதுங்க்கா."

அதற்குப் பிறகும் எங்கள் பழக்கம் விட்டுப்போகவில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது ராசிபுரத்தில் சந்திப்போம். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஊர் அதுதான். அவள் முட்டை கொண்டுவருவாள். நான் வீட்டில் செய்த பலகாரம் கொண்டுபோவேன். நான் டப்பாவைத் திறப்பதற்குள் கையை விட்டு எடுத்துத் தின்பாள். என் கையால் வாங்கிச் சாப்பிட அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பேன். ஆனால் தன் வாய் வேறு, பெற்ற பிள்ளையின் வாய் வேறு. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், எனக்குத் தெரியாதா?

ஒரு தடவை கேட்டே விடுவது என்று, "பாப்பு, அன்னைக்கு நீ வந்து மாவு வாங்கிட்டுப் போனியே" என்று ஆரம்பித்தேன். டப்பாவிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து என் வாயில் திணித்தாள். "தின்னுங்க்கா, பேசாதீங்க." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு எப்படிக் கேட்பது?

அரசி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கும்போது, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யாரையாவது கூப்பிடும்மா" என்றேன். "யாரைம்மா கூப்பிடறது? எல்லாரும் என்கூடப் படிச்சவங்க, அவ்வளவுதான்" என்றாள். கடைசியில் அந்தத் தெருவிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவள் பாப்பு ஒருத்திதான். பந்தியில் நின்று என் சொந்தக்காரர்களுக்குப் பரிமாறினாள்.

செய்தி கேட்ட அன்று ஆத்தூரிலிருந்து ராசிபுரம், நாமக்கல் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "நீங்க என்ன ஒறவுங்க?" என்று கேட்டாள். என்ன உறவு? தங்கை என்றால் அவர்களுக்குத் தெரியாத தங்கையா? "பக்கத்து வீட்டுல இருந்தோம்" என்றேன். எந்தப் பக்கத்து வீடு என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு வயதான அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்த நாத்தனார். தலை முழுக்க நரைத்திருந்தது. "தூரமா வந்திருக்கீங்களாட்ட இருக்குது. குடிங்க சாமி" என்றாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று சொன்னதும் நினைவில்லாமல் போயிருக்கும். வாங்கிக் குடித்தேன்.

கௌசிதான் என்னைக் கண்டு ஓடி வந்தாள். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அம்மாவைக் கடைசிவரை அவள்தான் கவனித்திருக்கிறாள். "அம்மாவைப் பத்தி எழுதுங்க பெரிம்மா. என்ற வாந்தியையும் சேத்து எழுதுங்க, மறைக்காதீங்க" என்றாள். "இப்பவும் பரீட்சை நேரத்துல பச்சப்புள்ளைங்களை வாந்தின்னு தூக்கிட்டு வாராங்க. அம்மாக்காரி வெளிய சொல்லிப்போடாதீங்கன்னு என் கையைப் புடிப்பாங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு சாமின்னு அந்தப் புள்ளைககிட்டச் சொல்லுவேன்."

அவளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா? ஆனாலும் கேட்டேன். "உயிரியல் பரீட்சை அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

அவள் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இல்லீங்க பெரிம்மா. அந்த ரெண்டு வருசத்துல ஒரு நாள் என்ன தின்னேன்னுகூட ஞாபகமில்ல. அம்மா ஊட்டுவாங்க, நான் புஸ்தகத்தைப் பாத்துட்டே வாயைத் தொறப்பேன். இட்லியா, சோறா, அம்மா கை எப்படி இருந்துச்சு, ஒண்ணுமே தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, அதுவரை அழாமல் இருந்தவள் என் மடியில் விழுந்து அழுதாள்.

திரும்பி வந்து அரசிக்குப் போன் பண்ணினேன். அவள் சென்னையில் இருக்கிறாள். டாக்டராகியும் இன்னும் மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள். ரேங்க் வரட்டும் அம்மா, அப்புறம் வர்றேன் என்பாள். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ பாவம், நல்லவங்க" என்றாள். அடுத்து, "கௌசி இப்ப என்ன பண்றாம்மா?" என்று கேட்டாள்.

"நர்ஸா இருக்கு."

"ஓ" என்றாள்.

அந்த ஒரு எழுத்தைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, படி" என்று வைத்துவிட்டேன். இதைச் சொல்லி வருத்தப்பட எனக்கு இருந்த ஒரே ஆள் பாப்பு. அவளுக்குத்தான் இது புரியும். கை தன்னால் அவள் நம்பருக்குப் போனது.

நோய் வந்ததையும் மறைத்துவிட்டாயே பாப்பு. உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் யாருக்குத் தைரியம் வந்துவிடும் என்று மறைத்தாய்? நாம்தான் எப்போதோ அந்தத் தெருவைக் காலி பண்ணிவிட்டோமே.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தனை பேர் பார்க்க என் வாசலில் வந்து நின்றாயே, அது மிச்சம். பெற்ற பெண்ணையும் காட்டிக்கொடுக்காமல், என்னையும் கைவிடாமல், உனக்குத் தெரிந்த ஒரு வழியை நீயே கண்டுபிடித்தாய். பாதி மனதோடு வந்தாயோ, முழு மனதோடு வந்தாயோ, வந்தாய். வேறு யாரும் வரவில்லை. சாகும்வரை எனக்கு அது போதும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. போதவில்லை.

கதவைச் சாத்திக்கிட்ட பிறகு, அந்த மாவுல கௌசிக்கு இட்லி ஊத்திக் குடுத்தியாடி, பாப்பு?